பத்துக்கு மிஸ்

அவங்க பேரை இங்க எழுதப் போறதில்ல. எழுதினா யாராவது ஒரு புண்ணியவான் அவங்களுக்கு அனுப்பி வெச்சுடுவான். திருச்சியில தங்கச்சி வீட்டு மாடியில உக்காந்து படிச்சுட்டு உடனே எனக்கு போன் போடுவாங்க. "ஆறு சார். மீதி நாலு எங்க போச்சுன்னு கேளுங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. நான் கேக்கலன்னாலும் சொல்லுவாங்க. அதனால பிள்ளைங்க அவங்களுக்கு வெச்ச பேரையே நானும் வெச்சுக்கறேன். பத்துக்கு மிஸ்.

எங்க ஸ்கூல் சிட்லபாக்கத்துக்கும் செலையூருக்கும் நடுவுல ஒரு தெருவுக்குள்ள இருந்துச்சு. இருந்துச்சு என்ன, இப்பவும் இருக்கு, நான்தான் அங்க இல்ல. நான் கம்ப்யூட்டர் சார், அவங்க கெமிஸ்ட்ரி. நான் சேர்ந்தப்பவே அவங்க ரொம்ப சீனியர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கண்ணாடிக்கு ஒரு சங்கிலி, தோள்பையோட வெளிப் பாக்கெட்ல சிவப்புப் பேனா. கண்ணுல படுற எதுக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டுடுவாங்க. அதை அவங்க வழக்கம்னு மரியாதைக்குச் சொல்றேன். உண்மையில அது ஒரு வியாதி.

கேன்டீன் சாம்பார் நாலு. ஷேர் ஆட்டோ டிரைவர் பிரேக் போட்டது எட்டு, பேசினது ரெண்டு. புதுசா வந்த இங்கிலீஷ் டீச்சரோட வணக்கம் ஏழு. ஒரு தடவை எங்க மாடம்பாக்கத்துக் கோயிலுக்கு வந்திருந்தாங்க. பொங்கலை வாயில போட்டுட்டு, கண்ணை மூடி, "ஒம்போது"ன்னாங்க. "சாமிக்குப் படைச்சது மிஸ், பத்து போடக் கூடாதா"ன்னு கேட்டேன். "சாமிக்குப் பத்து சார். பொங்கலுக்கு ஒம்போது." அப்படிச் சொல்லிட்டு இன்னொரு தொன்னை வாங்கப் போயிட்டாங்க.

சிட்லபாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு மாடி வீட்டுல தனியா இருந்தாங்க. கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு நான் கேட்டதில்ல. பொண்ணு பாக்க வந்தவங்களுக்கெல்லாம் மார்க் போட்டு அனுப்பிட்டாங்கன்னு ஸ்டாஃப் ரூம்ல ஒரு கதை ஓடுச்சு. காலையில காப்பி டம்ளரோட பால்கனியில நிப்பாங்க. கீழ ஏரியைச் சுத்தி நடக்கிறவங்களுக்கு அங்கேர்ந்தே மார்க். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருத்தர் வழியெல்லாம் தளர்ந்து நடந்து வருவாராம், இவங்க பால்கனி வந்ததும் கையை நல்லா வீசிக்கிட்டுப் போவாராம். போன பிறகு மறுபடி தளர்ந்துடுவாராம். அதுக்காகவே அவருக்கு ஒரு மார்க் குறைச்சிருந்தாங்க.

நான் மாடம்பாக்கத்துல வீடு கட்டி கிரகப்பிரவேசம் வெச்சப்ப எல்லாரும் வந்து ஆஹா ஓஹோன்னு சொல்லிட்டுப் போனாங்க. இவங்க மட்டும் வாசல்லேர்ந்து மொட்டை மாடி வரைக்கும் ஒவ்வொரு ரூமா ஏறி இறங்கினாங்க. சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டே "ஆறு சார்"னாங்க. எனக்கு மூக்கு மேல கோவம் வரும். அதுவும் லோன் போட்டுக் கட்டின வீடு. "நாலு எங்க மிஸ் போச்சு"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன். "சமையல் மேடை உங்க உயரத்துக்குக் கட்டியிருக்கீங்க, சமைக்கப் போறது வனிதா. அதுக்கு ரெண்டு. பாத்ரூம் தரை வாசல் பக்கமா சரியுது, ஒண்ணு. கடைசி ஒண்ணு உங்க மாமனாருக்கு, ரொம்ப நேரம் மைக்கை விடல."

வனிதா என் மனைவி. பக்கத்துல நின்னவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அப்பாவுக்காகக் குறைஞ்ச மார்க்கைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. "இந்த மேடையைப் பத்தி நான் தலைகீழா நின்னு சொன்னேன் மிஸ், கேட்டாரா"ன்னா. அன்னைலேர்ந்து அவங்க ரெண்டு பேரும் ஒரு கட்சி. குடி போன முதல் வாரமே பாத்ரூம் தண்ணி ஹாலுக்கு வந்தப்ப நான் மிஸ்ஸுக்குச் சொல்லல. வனிதா சொல்லிட்டா.

எங்க கரஸ்பாண்டன்ட் விஷயம்தான் ஸ்கூல்ல ரொம்ப பிரபலம். அவர் அந்த ஊர்ப் பழைய குடும்பம். தாத்தா நெல்லு போட்ட நிலத்துல பேரன் ஸ்கூல் கட்டியிருந்தார். நல்ல மனுஷன், மைக்கைக் கண்டா மட்டும் நிதானம் போயிடும். ஒரு குடியரசு தினத்துல பிள்ளைங்க வெயில்ல மயங்கி விழுற வரைக்கும் தேசத்தைப் பத்திப் பேசினார். இறங்கி வந்து எல்லார்கிட்டயும் "எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டுக்கிட்டே வந்தார். சூப்பர் சார், அருமை சார்னு நாங்க எல்லாரும் வழிஞ்சோம். மிஸ் முன்னால வந்து நின்னார்.

"நாலு சார்"னாங்க.

அவர் முகத்துல ஈயாடல. அப்பறம் சமாளிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே, "மறுமதிப்பீட்டுக்கு அப்ளை பண்ணலாமா மேடம்"னு கேட்டார். "பண்ணலாம் சார். அதுல மார்க் குறையவும் வாய்ப்பு இருக்கு." இவங்களை வேலையை விட்டுத் தூக்கப் போறார்னு நாங்க எல்லாரும் நெனச்சோம். அவர் அப்படிச் செய்யல. அடுத்த சுதந்திர தினத்துல பாதி நேரத்துல பேச்சை முடிச்சுட்டு மிஸ் பக்கம் திரும்பிப் பாத்தார். ஆறுன்னு விரலால காட்டினாங்க. மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு.

இப்படிப்பட்ட ஒரு மனுஷிகிட்ட நான் கொரோனா நேரத்துல மாட்டிக்கிட்டேன்.

வனிதா ஸ்டாஃப் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம், தாம்பரத்தைச் சுத்தி இருக்கிறதுல ஒண்ணு. லாக்டவுன் போட்டு எல்லாரும் வீட்டுக்குள்ள முடங்கின நேரத்துல அவளுக்கு கொரோனா வார்டுல டூட்டி போட்டாங்க. வீட்டுக்கு வரக் கூடாது, அங்கயே ஹாஸ்டல்ல தங்கணும். முதல் நாளே வீடியோ கால்ல என்கிட்ட தன் வேஷத்தைக் காட்டினா. டூ வீலர்ல போடுற மழைக்கோட்டு. முகத்துக்கு முன்னால ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கவரை வெட்டி, தலையைச் சுத்தி நாடாவால கட்டியிருந்தா. அந்த வாரங்கள்ல கவசம்னு ஒண்ணு எந்த ஊர்லயும் கிடைக்கல, யாரைக் குத்தம் சொல்றது. "எப்படி இருக்கேன்"னு கேட்டுச் சிரிச்சா. போனை வெச்சுட்டு அழுதுட்டேன், இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

எங்க ஸ்கூல் லேப்ல ஒரு த்ரீ டி பிரிண்டர் இருந்துச்சு. பிளாஸ்டிக்கை உருக்கி, இழை இழையா அடுக்கி, வேணுங்கிற உருவத்தைப் பண்ற மெஷின். எக்சிபிஷனுக்குப் பிள்ளைங்க அதுல பிள்ளையார் செய்வாங்க. அதுல தலைப்பட்டை செஞ்சு, முன்னால ஓ.எச்.பி. ஷீட்டை, அதாவது கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் தாளை, மாட்டினா முகத்தை மறைக்கிற ஷீல்டு ரெடி. கரஸ்பாண்டன்ட்கிட்ட போன்ல சொன்னேன். உடனே சாவியைக் குடுத்தார், பாஸ் வாங்கினார், வேனையும் டிரைவர் முருகேசனையும் அனுப்பினார். ஒரே ஒரு கண்டிஷன், ஒவ்வொரு ஷீல்டுலயும் ஸ்கூல் ஸ்டிக்கர் ஒட்டணும்.

மிஸ்ஸை யாரும் கூப்பிடல. லேப்ல விளக்கு எரியறதைக் கேள்விப்பட்டு, முகத்துக்குப் புடவைத் தலைப்பைச் சுத்திக்கிட்டு நடந்தே வந்துட்டாங்க. "மெஷின் நீங்க பாருங்க சார். செக்கிங் நான் பாக்கறேன்."

முதல் தலைவலி எலாஸ்டிக். ஷீல்டைத் தலையில இறுக்கிப் பிடிக்க எலாஸ்டிக் வேணும், தாம்பரம் மார்க்கெட் மொத்தமும் பூட்டிக் கிடக்குது. மிஸ்தான் யூனிஃபார்ம் ஸ்டோரைத் திறக்கச் சொன்னாங்க. உள்ள மூட்டை மூட்டையா எல்.கே.ஜி. டிரவுசர், புது அட்மிஷனுக்காகத் தைச்சு வெச்சது. முருகேசன் உக்காந்து ஒவ்வொரு டிரவுசரா இடுப்பைப் பிரிச்சு எலாஸ்டிக்கை உருவினார். "இன்னா மிஸ்ஸு இது, கொயந்த ட்ரவுசரை அவுத்துகினு கீறோம், பாவமில்லியா"ன்னார். கரஸ்பாண்டன்ட் வந்து பாத்தார். இடுப்பில்லாத டிரவுசர் ஒரு குவியலாக் கிடந்துச்சு. மெதுவா கதவைச் சாத்திக்கிட்டுப் போயிட்டார்.

அடுத்த தலைவலி மிஸ்ஸோட செக்கிங். அவங்க கண்டுபிடிச்ச முறை இதுதான். நான் ஷீல்டை மாட்டிக்கிட்டு கரும்பலகைக்கு முன்னால நிக்கணும். மிஸ் ரெண்டு கையிலயும் சாக்பீஸ் தூள் நிறைஞ்ச டஸ்டரை எடுத்துக்கிட்டு என் முகத்துக்கு நேரா நின்னு தட்டுவாங்க. டப், டப்னு தட்டி, "தலையை ஆட்டுங்க, குனிங்க, ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிங்க, இப்ப நிமிருங்க"ன்னு சொல்லிச் சொல்லித் தட்டுவாங்க. அப்பறம் ஷீல்டைக் கழட்டிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, என் மூஞ்சியைத் தேடுவாங்க. எங்கயாவது வெள்ளை ஒட்டியிருந்தா ஃபெயில்.

"நெத்தி ஓகே. இடது கன்னத்துல தூள். தாடைக்குக் கீழ தூள். மூணு."

ஏழுக்குக் கீழ எது வந்தாலும் ஃபெயில் பெட்டிக்குள்ள போயிடும். முதல்ல செஞ்சதுல பாதிக்கு மேல பெட்டியிலதான் கிடந்துச்சு. நான் மூஞ்சியைக் கழுவிக் கழுவிச் சலிச்சுப்போனதும் முருகேசனை நிக்க வெச்சாங்க. அவர் தாடியில தூள் போனதும் தாத்தா ஆயிட்டார். "தாடியை எடுங்க முருகேசன், மார்க் சரியா வரல." "வாணாம் மிஸ்ஸு, வேண்டுதலு." வேண்டுதல் யாருக்குன்னு விசாரிச்சு, அது நெஜம்தான்னு தெரிஞ்ச பிறகு மறுபடி என் மூஞ்சிக்கே வந்துட்டாங்க.

ஒரு தலைப்பட்டை பிரிண்ட் ஆக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதைப் பாத்துப் பாத்துப் பிசிறு தேச்சு, ஷீட்டை மாட்டி, எலாஸ்டிக் கோத்துக் குடுப்பேன். இவங்க ரெண்டு தட்டு தட்டிட்டு நாலுன்னு பெட்டியில போடுவாங்க. மூணாவது நாளோ நாலாவது நாளோ எனக்குப் பொறுமை போயிடுச்சு. அன்னைக்குக் காலையிலதான் வனிதா, தன் கூடவே டூட்டி பாத்த ஒரு நர்ஸுக்கு பாசிட்டிவ்னு சொல்லியிருந்தா. டஸ்டரை அவங்க கையிலேர்ந்து பிடுங்கிட்டேன்.

"மிஸ், அவ அங்க ஃபைல் கவரைக் கட்டிக்கிட்டு நிக்கிறா. உங்க மூணு மார்க் ஷீல்டு கூட அந்த ஃபைல் கவரை விட மேல்தானே. பெட்டியில கிடக்கிறதை எல்லாம் நான் இப்பவே எடுத்துக்கிட்டுப் போறேன். இது ஒண்ணும் பப்ளிக் எக்ஸாம் இல்ல."

முருகேசன் வேன் பக்கம் நைசா நகர்ந்துட்டார். மிஸ் கோவப்படல. புடவையில ஒட்டின தூளைத் தட்டிக்கிட்டாங்க.

"ஃபைல் கவரைக் கட்டியிருக்கிறவ என்ன பண்ணுவா சார்? பயந்துக்கிட்டுத் தள்ளி நிப்பா. கையை நீட்டி ஊசி போட்டுட்டு ஓடி வந்துடுவா. நாம அனுப்பினதை மாட்டினா தைரியமா கிட்டப் போய்க் குனிவா. அந்தத் தைரியம் நாம குடுக்கிறது. தாடைக்குக் கீழ ஓட்டை இருக்குன்னு அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எப்படி சார் அனுப்பறது?"

எனக்குக் கோவம் தீரல. டஸ்டரைத் திருப்பிக் குடுத்துட்டு மெஷின்ல பட்டையோட வளைவை மாத்தி வரைஞ்சேன். தாடைக்குக் கீழ ஷீட் உள்பக்கமா மடங்கற மாதிரி ஒரு கொக்கி வெச்சேன். அன்னைக்கு சாயங்காலம் ஒரு ஷீல்டுக்கு எட்டு விழுந்துச்சு. மூஞ்சியைக் கழுவாமலே வீட்டுக்குப் போனேன்.

பாஸான ஷீல்டுங்களோட முதல் பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போச்சு. வனிதா போன் பண்ணி ஒரே சிரிப்பு. மிஸ் சும்மா அனுப்புவாங்களா, ஒவ்வொரு ஷீட்டோட மூலையிலயும் சிவப்பு மார்க்கர்ல மார்க் எழுதி, வட்டம் போட்டு, இனிஷியல் வெச்சிருந்தாங்க. வார்டுல யாருக்கு எத்தனைன்னு ஒரே போட்டியாம். டூட்டி டாக்டருக்கு ஏழு வந்து மூஞ்சி தொங்கிப்போச்சாம். எம்.பி.பி.எஸ். படிச்சவருக்கு ஏழு மார்க் தாங்கல. ஒம்போது போட்டிருந்த ஒரு நர்ஸ்கிட்ட, மாத்திக்கலாமான்னு கெஞ்சினாராம். அவங்க முடியாதுன்னுட்டாங்களாம்.

நெத்தியில ஸ்டிக்கர் வேற. ஸ்கூல் சின்னம், கீழ 'அட்மிஷன் நடைபெறுகிறது'. கோவளத்துலேர்ந்து மீன் விக்கிற ஒரு அம்மாவைச் சேர்த்திருந்தாங்க. ரெண்டு நாளா பயத்துல யார்கிட்டயும் பேசாம படுத்திருந்தவங்க, வனிதா குனிஞ்சு டெம்பரேச்சர் பாக்கும்போது அந்த நெத்தியை எழுத்துக் கூட்டிப் படிச்சிருக்காங்க. "இன்னாம்மா, நீ இஸ்கூல்லேந்தா வந்துகிற? எம் பேரனுக்கு ஒரு சீட்டு கெடைக்குமா?" அந்த அம்மா அங்க வந்து பேசின முதல் பேச்சே அதுதானாம். கரஸ்பாண்டன்ட்கிட்ட இதைச் சொன்னேன். "பேரனைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, பாத்துக்கலாம்"னார்.

சந்தோஷம் ரெண்டு நாள் கூட நிக்கல. ஒரு மத்தியானம் வனிதா குரல் வேற மாதிரி இருந்துச்சு. டூட்டி முடிஞ்சு ஷீல்டை எல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிருக்காங்க. மிஸ் போட்ட மார்க் கரைஞ்சு ஷீட் முழுக்க சிவப்பா இழுபட்டுப் போச்சு. அடுத்த டூட்டி நர்ஸ் ஒருத்தி அவசரத்துல அதையே மாட்டிக்கிட்டு உள்ள போக, ஒரு பெரியவர் ரத்தம் ரத்தம்னு கத்தி, பக்கத்துப் பெட்டெல்லாம் எழுந்து உக்காந்துடுச்சு. இனிமே அந்த ஸ்கூல் ஷீல்டு வேணாம்னு ஹெட் நர்ஸ் சொல்லிட்டாங்களாம். மறுபடியும் ஃபைல் கவர்.

நான் ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், மிஸ் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வாழ்நாள் முழுக்க கெமிஸ்ட்ரி எடுத்தவங்க. அந்த மார்க்கர் மை ஸ்பிரிட்ல கரையும்னு எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு அவங்களே செஞ்சு காட்டுவாங்க. முகம் சின்னதாப் போச்சு. இப்ப யார் மேல பழி போடப் போறாங்கன்னு நான் காத்திருந்தேன், மார்க்கர் கம்பெனி மேலயா, துடைச்ச நர்ஸ் மேலயான்னு.

"பூஜ்யம்"னாங்க. "எனக்குப் பூஜ்யம் சார். ஹெட் நர்ஸ் நம்பர் வாங்குங்க."

வாங்கிக் குடுத்தேன். போனை ஸ்பீக்கர்ல போடச் சொன்னாங்க, நாங்களும் கேக்கணுமாம். "நான் கெமிஸ்ட்ரி டீச்சர்மா. மை கரையும்னு தெரிஞ்சிருக்க வேண்டியது நான்தான். ஷீல்டு செஞ்சவர் மேல தப்பு இல்ல, ஷீல்டு நல்லாத்தான் இருக்கு. நான் கிறுக்கினதுதான் தப்பு. மன்னிச்சுக்கோங்க. இனிமே சுத்தமா வரும்." அந்தப் பக்கம் ஹெட் நர்ஸ் கொஞ்ச நேரம் திட்டினாங்க, அவங்களுக்கும் எத்தனை நாள் ஆத்திரமோ. மிஸ் குறுக்கப் பேசாம நின்னு கேட்டுக்கிட்டாங்க. கடைசியில ஹெட் நர்ஸே அனுப்பச் சொல்லிட்டாங்க. அன்னைலேர்ந்து மார்க்கை ஷீட்டுல எழுதல, சுத்தியிருக்கிற பேப்பர் உறை மேல எழுதினாங்க. மார்க்கே போடாம விடுங்களேன்னு கேட்டேன், அது மட்டும் நடக்கல. அந்தப் பூஜ்யக் கதை கரஸ்பாண்டன்ட் காதுக்கும் போச்சு. வந்தார். வாசல்லயே நின்னு, "மேடம், மறுமதிப்பீட்டுக்கு அப்ளை பண்ணலாமே"ன்னார். அவர் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. ஸ்டிக்கரை எடுத்துடலாம்னு அவரே சொன்னதும் அன்னைக்குத்தான்.

அதுக்கப்பறம் வேலை நல்லா ஓடுச்சு. ஒரே பெட்டியில எல்லாமே ஒம்போது மார்க் ஷீல்டா வரிசையாப் போக ஆரம்பிச்சுது. பக்கத்து ஸ்கூல் ஒண்ணுலேர்ந்து இன்னொரு மெஷினும் வந்துச்சு. மிஸ் தினமும் வருவாங்க, தட்டுவாங்க, இருமுவாங்க. சாக்பீஸ் தூளால வர்ற இருமல்னு நாங்களும் நெனச்சோம், அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. ஒரு நாள் வரல. ரெண்டாவது நாள் முருகேசன் அவங்க வீட்டுக்குப் போய்ப் பாத்தா, கதவைத் திறக்காமலே உள்ளேர்ந்து, "தூரமா நில்லுங்க முருகேசன், ஜுரம்"னாங்களாம். திருச்சித் தங்கச்சி போன்லயே பெரிய ஆஸ்பத்திரியா தேடினாங்க, எங்கயும் பெட் இல்ல. ஆம்புலன்ஸ் அவங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது வனிதா வார்டுல.

நான் லேப்ல தனியா உக்காந்து பட்டை தேச்சுக்கிட்டிருந்தேன். வனிதா போன் பண்ணினா, வீடியோ போடல, குரல் மட்டும்.

"ஏங்க, மிஸ் என்கிட்ட சண்டை போட்டாங்க"ன்னா.

மூச்சு விட முடியாம வந்திருக்காங்க. ஆக்சிஜன் மாஸ்க் மாட்ட இவ போயிருக்கா. குனிஞ்சதும் ஷீல்டு கொஞ்சம் நழுவி கன்னத்துக்குப் பக்கத்துல இடைவெளி விட்டுடுச்சு. எத்தனையோ தடவை துடைச்சுத் துடைச்சு எலாஸ்டிக் தளர்ந்திருந்திருக்கு, இவ கவனிக்கல. மிஸ் கவனிச்சுட்டாங்க. மாஸ்க் வெச்ச கையைத் தள்ளி விட்டுட்டு, போர்வையை இழுத்து வாயைப் பொத்திக்கிட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. மிஸ், மாஸ்க் போடணும், திரும்புங்கன்னு இவ கெஞ்சறா. அவங்க வாசலைக் காட்டி விரலை நீட்டறாங்க. பேச்சு வரல. விரலை மட்டும் நீட்டறாங்க. ஜுரத்துல நினைவு தப்பிடுச்சுன்னு கூட இருந்த நர்ஸ் கையைப் பிடிச்சு அமுக்கப் போனாளாம். அப்பறம்தான் இவளுக்குப் புரிஞ்சுது, அவங்க கண்ணு இவ கன்னத்துப் பக்கத்து இடைவெளியிலயே இருந்துச்சுன்னு.

"ஆக்சிஜன் அளவு இறங்கிக்கிட்டே இருக்குங்க. எனக்குன்னா கோவம். நீங்க முதல்ல மூச்சு விடுங்க மிஸ்னு கத்திட்டேன். அவங்க அசையல. ஓடிப்போய் வேற மாத்திக்கிட்டு வந்தேன். வந்தும் உடனே விடலங்க. குனின்னு கையால காட்டறாங்க. குனிஞ்சேன். தலையை ஆட்டுன்னு காட்டறாங்க, ஆட்டினேன். அதுக்கப்பறம்தான் போர்வையை எடுத்தாங்க."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"ஏறுது. மெல்ல ஏறுது. தூங்கறாங்க."

மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. அழாதேன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அவளே பேசினா.

"இங்க எல்லாரும் என் கையைப் புடிச்சுக்கிட்டு, என்னைக் காப்பாத்தும்மான்னுதான் கேக்கறாங்க. கேக்கத்தான் செய்வாங்க, பாவம், நான் தப்பு சொல்லல. ஆனா எனக்கு ஏதாவது ஆயிடப் போகுதேன்னு இந்த வார்டுல பயந்தது அவங்க ஒருத்தங்கதாங்க."

தேச்சுக்கிட்டிருந்த பட்டையைக் கீழ வெச்சேன்.

"சரி, வெக்கறேன். அவங்களுக்கு டெம்பரேச்சர் பாக்கணும்"னா. வெக்கப் போனவ மறுபடி பேசினா. "ஏங்க, சாயங்கால வேன்ல புது எலாஸ்டிக் போட்டு எனக்குன்னு ஒண்ணு அனுப்புங்க. நல்லா தட்டிப் பாத்து அனுப்புங்க. இல்லேன்னா, முழிச்சதும் என்னைக் கிட்ட விடமாட்டாங்க."